நம்பியூர் ரோட்டு மஞ்சள் வேன்

எங்கள் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதலில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும் என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, பிள்ளையை எந்த வேனில் அனுப்பலாம் என்பது. ஈரோடு மாவட்டத்தில் நம்பியூருக்கும் கோபிக்கும் (கோபிசெட்டிபாளையம்) நடுவில் காலை ஏழிலிருந்து எட்டரை வரை ரோட்டில் மஞ்சளைத் தவிர வேறு நிறம் கண்ணில் படாது. பள்ளிக்கூடத்துச் சொந்த பஸ், ஆம்னி, ஆட்டோ எல்லாம் உண்டு. என் மகள் போனதும், சின்னவன் இன்னும் போய்க்கொண்டிருப்பதும் ஒரு தனியாள் ஓட்டும் டெம்போ டிராவலர் வேனில். ஓட்டுநரும் அவரே, முதலாளியும் அவரே. எங்களுக்கு வேன்கார அண்ணன், பிள்ளைகளுக்கு வேன் மாமா.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் வீட்டில் தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறவள். இந்த வேனுக்கு ஒருமுறை ஜன்னல் மறைப்பு தைத்துக் கொடுத்துக் கூலி வாங்கியிருக்கிறேன். அதனால் வேண்டப்பட்டவருக்கு எழுதுகிறேன் என்று தோன்றலாம். சரி, குறைகளிலிருந்தே தொடங்குகிறேன்.

பாட்டுச் சத்தம் அதிகம். பரீட்சை நாளில்கூடக் குறைக்க மாட்டார், சொன்னால் வாய்க்கால் பாலம் வரைக்கும் குறைத்து வைப்பார், அப்புறம் பழையபடிதான். கடைசி வரிசைக்கு முன் வரிசையில் இடப்பக்கச் சீட்டு சக்கரத்து மேடு மேல் இருக்கிறது, கொஞ்சம் உயரமான பிள்ளை உட்கார்ந்தால் முழங்கால் முகவாயைத் தொடும். முதலுதவிப் பெட்டியில் இருந்த களிம்பு காலாவதியாகி வெகுநாள் ஆகியிருந்தது. நான் எடுத்துக் காட்டிய பிறகுதான் மாற்றினார். வேன் ஆயா ஊர் நோம்பி, அதாவது கோயில் திருவிழா, என்றால் வரமாட்டார், எங்கள் பக்கம் சித்திரை, வைகாசியில் நோம்பிக்கா பஞ்சம்? நேரம் மட்டும் கறார். ஏழு நாற்பதுக்கு வண்டி வரும், ஒரு ஹாரன், இரண்டாவது ஹாரன், மூன்றாவதுக்கு வண்டி நகர்ந்துவிடும். வாயில் இட்லியோடு ஓடுகிற பிள்ளையைப் பார்த்து எனக்குக் கோபம் வந்திருக்கிறது. ஆனால் அடுத்த ஸ்டாப்பில் நிற்கிற பிள்ளையின் அம்மாவாக இருந்தால் வேறு மாதிரிதான் நினைப்பேன்.

வண்டி நல்ல வண்டி. 2012இல் சென்னைப் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்ததும், தமிழ்நாடு அரசு பள்ளி வாகனங்களுக்கென்று தனியாகச் சிறப்பு விதிகள் போட்டது. அவசர வழி, தீயணைப்பான், உடன் வரும் உதவியாளர் எல்லாம் அதில் உண்டு. வேன் பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்க்காமல் மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள், அவசரக் கதவை ஒருதரம் திறக்கச் சொல்லுங்கள். இந்த வேனில் அது ஒரு கையால் திறக்கும். நான் திறந்து பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு சொன்னால் எங்கள் ரோட்டில் ஓடும் இன்னும் நாலு வேனுக்கும் இது பொருந்தும். நான் ஏன் இவரிடமே நின்றுவிட்டேன் என்பதற்குக் கொரோனாக் காலத்தைச் சொல்லியாக வேண்டும்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடியபோது அந்த மாதப் பணம் முழுதாகக் கொடுத்திருந்தோம். பக்கத்து ஊருக்கு ஓடும் இன்னொரு வேன்காரர், வண்டி நின்றாலும் வண்டிக்கடன் டியூ நிற்காது என்று சொல்லி, ஓடாத மாதங்களுக்கும் பாதிப் பணம் கேட்டார். கொடுக்காதவர்களுக்குத் திறக்கும்போது சீட்டு இல்லை என்றும் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரைக்கும் தவணையைத் தள்ளிப்போட விட்டதே தவிர, வட்டியைத் தள்ளுபடி செய்யவில்லை. எங்கள் வேன்கார அண்ணன் பின்சீட்டுகளைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் அடுக்கிவிட்டு, தக்காளியும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்தார். மார்ச் மாதப் பணத்தில் பாதிக்குக் காய் போட்டுக் கழித்தார். கணக்கு நோட்டு வைத்திருந்தார். எங்கள் வீட்டுக் கணக்கு முடிந்த அன்று மீதி பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லியா புதினாவா என்று கேட்டார்.

அப்புறம் அந்த நவம்பர். 9 முதல் 12 வரையிலான வகுப்புகளை நவம்பர் 16 அன்று திறக்கலாம் என்று அரசு சொல்லி, 9ஆம் தேதி பள்ளிகளில் பெற்றோரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டது. என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. அன்றைக்கு இந்த வேனில் ஏறியது பிள்ளைகள் இல்லை, நாங்கள். டீசலுக்குத் தலைக்கு இருபது ரூபாய். சீட்டுகளைத் திரும்ப மாட்டியிருந்தார், ஆனால் வண்டிக்குள் வெங்காயச் சருகு வாடை போகவில்லை. ஒரு சீட்டு விட்டு ஒரு சீட்டில் உட்கார வைத்தார். முன்சீட்டில் வழக்கம்போல இங்கிலீஷ் மிஸ். அவர் எங்கள் ஊருக்கு அடுத்த ஸ்டாப்பில் ஏறுகிறவர், அதே பள்ளிக்கூடத்து ஆசிரியை. பள்ளிக்கூடத்து ஹாலில் நடந்த கூட்டத்தைவிட, அங்கே போகும் வழியில் இந்த வேனுக்குள் நடந்ததுதான் எனக்குக் கருத்துக் கேட்புக் கூட்டமாகத் தெரிந்தது.

தொடங்கி வைத்தவர் திருப்பூர்க் கம்பெனிக்குப் போகும் ஓர் அக்கா. "கம்பெனி பஸ்ல நின்னுட்டுப் போறமுங்க. அதுல வராத நோவு பள்ளிக்கூடத்துல வந்துருமா? எம் பையன் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போயி சனிக்கிழமைச் சம்பளத்தக் கண்ணுல பாத்துட்டான். இன்னும் ரெண்டு மாசம் போச்சுன்னா பொஸ்தகத்தத் தொடமாட்டான்."

அவருக்குப் பின்னால் இருந்தவர் தோட்டத்துக்காரர். வீட்டில் சர்க்கரையும் இரத்தக் கொதிப்புமாக வயதான அப்பா இருக்கிறார். "உங்க ஊட்டுல ஆளெல்லாம் திடமா இருக்கறாங்க, நீங்க சொல்லுவீங்க. எங்க அப்பாருக்குப் பேரன் கொண்டாந்து குடுத்துட்டா நான் எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறது? தீவாளி நோம்பி 14ஆம் தேதி. ரெண்டு நாளு கழிச்சுத் தொறக்கறாங்களாமா. ஊரே ஜவுளிக்கடையில ஒட்டிக்கிட்டு நின்னுட்டு வரும்."

"ஜவுளிக்கடைக்குக் குழந்தையக் கூட்டிட்டுப் போறீங்களே, அங்க பயமில்லீங்களா?" என்றார் மிஸ், திரும்பாமலேயே.

அதுவரைக்கும் பேச்சாக இருந்தது. அதற்குப் பிறகு சண்டை. பின்னாலிருந்து ஒரு குரல், "டீச்சருங்களுக்கு என்னுங்க, ஊட்டுல உக்காந்தே சம்பளம்" என்றது.

மிஸ் திரும்பினார். முகக்கவசத்தை இறக்கி மோவாயில் மாட்டிக்கொண்டு பேசினார். அது விதிப்படி தப்பு, ஆனால் அன்றைக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. "ஏனுங்க அக்கா, கவர்மென்ட் டீச்சருக்கு வர்ற சம்பளத்த எனக்கு வர்றதா நெனச்சுக்கிட்டீங்களா? ஏப்ரல், மே ஒண்ணுமில்லீங்க. ஜூன்ல இருந்து பாதி. அந்தப் பாதிக்கு என் போனு, என் நெட்டு. காலைல ஆறு மணிக்கு ஒருத்தர் ஹோம்வொர்க் என்னன்னு கூப்பிடறாங்க, ராத்திரி பதினொண்ணுக்கு இன்னொருத்தர். ஏன் பாதின்னு கேட்டா, பெத்தவங்க ஃபீஸ் கட்டலீன்னு சொல்றாங்க."

"கோர்ட்டு சொன்ன 40 கட்டியாச்சுங்களே" என்றேன் நான். அந்த ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், தனியார் பள்ளிகள் கல்விக் கட்டணத்தில் 40 சதவீதத்தை முதலிலும் 35 சதவீதத்தைப் பள்ளி திறந்த பின்னும் வாங்கலாம் என்று சொல்லியிருந்தது. என் தையல் மிஷினில் அந்த 40 சதவீதம் முழுக்க முழுக்க முகக்கவசமாகத் தைத்து வந்த காசு.

"தொறந்தாத்தானுங்க மிச்சம் 35உம் வரும், எனக்கு முழுச் சம்பளமும் வரும்" என்றார் மிஸ். "ஆனாத் தொறந்தா அத்தன பிள்ளைங்க முன்னால மொத ஆளா நிக்கறதும் நாந்தான். எங்க அத்தை ஆஸ்துமாக்காரங்க. தொறக்கோணுமா வேண்டாமான்னு எங்கிட்டக் கேட்டா நான் என்னத்தச் சொல்றது, சொல்லுங்க பாக்கலாம்."

யாரும் சொல்லவில்லை. வேன்கார அண்ணன் பாட்டு எதுவும் போடவில்லை. எனக்குத் தெரிந்து அந்த ஒரு நாள்தான்.

அந்தப் பயணத்தில் எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. திறக்கச் சொன்னவர், மூடச் சொன்னவர் என்று இரண்டு கட்சி இல்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள், போன் எத்தனை இருக்கிறது, அந்தப் போனைப் பகலில் யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள், மாதக் கடைசியில் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒவ்வொருவரும் பேசினார்கள். ஆசிரியர்களுக்குள்ளும் அப்படியே. எங்கள் தெருவில் ஓர் அரசுப் பள்ளி வாத்தியார் இருக்கிறார். சம்பளம் குறையவில்லை, வீட்டில் வயதானவர் இல்லை. அவர்தான் ஊரிலேயே அதிகமாக ‘தொறங்க, தொறங்க’ என்று கத்தியவர். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடுகிற நேரத்தில் தன் வகுப்புப் பையன்கள் கரும்புக் காட்டில் இருக்கிறார்கள் என்பது அவர் கவலை.

ஹாலில் படிவம் கொடுத்தார்கள், எழுதிக் கொடுத்தோம், வந்துவிட்டோம். 12ஆம் தேதியே, 16ஆம் தேதி திறப்பது இல்லை என்று அறிவிப்பு வந்தது. அப்போது பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்த செங்கோட்டையன் எங்கள் கோபித் தொகுதிக்காரர். அதனால் எங்கள் பேக்கரி வாசலில் மட்டும் ஒரு தனிப் பேச்சு: நம்மூர்க்காரர்தானே, நேரில் போய் ஒரே கேள்வியாகக் கேட்டுவிட்டு வந்தால் என்ன என்று. யாரும் போகவில்லை, டீ குடித்ததோடு சரி.

ஜனவரியில் மறுபடியும் கருத்துக் கேட்டார்கள். 2021 ஜனவரி 19, பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மட்டும் திறப்பு. வகுப்புக்கு 25 பேர், பெற்றோர் ஒப்புதல் கடிதம், பிள்ளைகளுக்குச் சத்து மாத்திரை. வேன்கார அண்ணன் பொங்கல் முடிந்த கையோடு வீடு வீடாக வந்தார். "அனுப்பறீங்களா இல்லையா" என்று அவர் கேட்கவில்லை. "ஊட்டுல பெரியவங்க யாரு இருக்கறாங்க? அவங்க எந்த ரூம்புல படுக்கறாங்க?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். அதே காய்க் கணக்கு நோட்டு. வயதானவர் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளை ஜன்னலோரம் முன்வரிசையில் வைத்தார், ஏறும்போது கடைசியாக ஏற்றி, இறக்கும்போது முதலில் இறக்கினார். இதற்கு எவ்வளவு பலன் என்று டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் யோசித்துச் செய்தார்.

தோட்டத்துக்காரர் பையனை அனுப்ப மாட்டேன் என்றார். வேன்கார அண்ணன் வற்புறுத்தவில்லை. "சீட்டு உங்களுதுதானுங்க. பயம் தெளிஞ்ச பொறவு அனுப்புங்க, காசு ஏறுன நாள்ல இருந்து குடுத்தாப் போதும்" என்றார். அந்தச் சீட்டைக் கேட்டு வேறு ஒருவர் வந்தபோதும் கொடுக்கவில்லை. இந்த மதிப்புரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அந்த மாதங்களில் எங்கள் ஊரில் அனுப்பினவர்கள் அனுப்பாதவர்களைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள், அனுப்பாதவர்கள் அனுப்பினவர்களைக் கல்நெஞ்சம் என்றார்கள். சீட்டு போய்விடும் என்ற பயத்தில் மனசில்லாமல் பிள்ளையை ஏற்றிவிட்டவர்கள் மற்ற வேன்களில் உண்டு. எங்கள் ஸ்டாப்பில் அந்த நெருக்கடி இல்லை, அதனாலேயே அந்தப் பேச்சும் அவ்வளவு கசக்கவில்லை.

இதில் அவருக்கு நஷ்டம்தான். பாதி வண்டி காலி, டீசல் முழுசு. மாதப் பணத்தில் முந்நூறு ஏற்றினார். முணுமுணுத்தோம், கொடுத்தோம்.

பிப்ரவரி 25 அன்று 9, 10, 11 வகுப்புகளுக்குப் பரீட்சை இல்லாமலேயே தேர்ச்சி என்று முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். மறுநாள் காலை மூன்றாவது ஹாரனுக்குப் பிறகும் பாதிப் பேர் வரவில்லை. "பாஸ் போட்டாச்சுங்களே மிஸ், இன்னி எதுக்கு அனுப்பறது?" என்று ஓர் அம்மா கேட்க, "பாஸ் போட்டாச்சு, பாடம் யாருங்க போடறது?" என்று முன்சீட்டிலிருந்தே பதில் வந்தது. என் மகள் போனாள். மார்ச் 22 முதல், பிப்ரவரியில் திறந்திருந்த 9, 11 வகுப்புகளையும் பத்தையும் மறுபடியும் மூடிவிட்டார்கள்.

இரண்டாம் அலையை விரித்து எழுத எனக்கு மனசில்லை. மே கடைசியில் ஒருநாள் எண்ணிக்கையில் கோவை சென்னையையே தாண்டியது, எங்கள் ஈரோடும் திருப்பூரும் ஒன்றும் தப்பவில்லை. தோட்டத்துக்காரரின் அப்பா அந்த மாதம் போய்விட்டார். யார் கொண்டுவந்தது என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் அப்போது மூடித்தான் இருந்தது.

சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இரண்டாம் வகுப்பில் வீட்டுக்கு வந்தவன் நான்காம் வகுப்பில் வேன் ஏறினான். டீசல் அப்போது நூறைத் தாண்டியிருந்தது. மூன்று நாள் கழித்து, தீபாவளியன்று, மத்திய அரசு வரியில் பத்து ரூபாய் குறைத்தது. குறைந்ததும் மாதப் பணத்தில் ஐம்பது ரூபாய் குறைத்த வேன்காரர் எங்கள் ரோட்டில் இவர் ஒருவர்தான்.

அந்த மாதம் கொட்டிய மழையில் புதுச் சண்டை ஒன்று வந்தது. ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், காற்று ஓட வேண்டும் என்று மிஸ். திறந்தால் சாரல் அடிக்கிறது, பிள்ளை நனைகிறது, தும்முகிறது, தும்மினால் வகுப்பில் சேர்க்காமல் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று அம்மாக்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. கீழ்பவானி வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது அடிக்கிற ஈரக்காற்று பெரியவர்களுக்கே ஆகாது.

வேன்கார அண்ணன் ஒரு சாயங்காலம் வண்டியை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே தொப்பி மாதிரி ஏதாவது தைக்க முடியுமா என்று கேட்டார். ரெக்சின் எடுத்து, மேல் விளிம்பில் துளை போட்டு வளையம் அடித்து, கீழ் விளிம்பில் பழைய ஸ்கிரீன் கம்பியை நுழைத்துத் தைத்தேன். இரண்டு பக்கமும் முக்கோணத் துண்டு கொடுத்தால்தான் அது வண்டியோடு ஒட்டாமல் சாய்ந்து நிற்கும். முதலில் தைத்தது காற்றில் படபடவென்று அடித்தது, ஓரத்தில் நாடா வைத்துக் கட்டினோம். தண்ணீர் வெளியே வழிய, கண்ணாடி நாலு விரல் திறந்திருக்க, காற்று உள்ளே வந்தது. மிஸ் கையை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்த்தார், அம்மாக்கள் சீட்டைத் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மே மாத வாகன ஆய்வுக்கு முன் அதைக் கழற்றிவிட்டார். இப்போது அது அவர் வீட்டுக் கோழிக்கூண்டு மேல் கிடக்கிறது.

2022 ஜனவரியில் ஒமைக்ரானுக்கு மூடி, பிப்ரவரி 1 அன்று எல்லா வகுப்புகளையும் திறந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை, வேனில் பாட்டு திரும்ப வந்துவிட்டது. மிஸ் இன்னும் முன்சீட்டில்தான் வருகிறார். தோட்டத்துக்காரர் பையன் அந்த ஜன்னலோரச் சீட்டிலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுப் போனான்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்று, அந்தச் சத்தத்துக்கும் சக்கரத்து மேட்டுச் சீட்டுக்கும் கழித்தது.

சேர்க்க நினைப்பவர்கள் மே மாதமே சொல்லி வையுங்கள், ஜூனில் கேட்டால் மேட்டுச் சீட்டுதான் மிஞ்சும். பணம் மாதம் ஐந்தாம் தேதிக்குள். ஜிபே வாங்குகிறார், ஆனால் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் திறந்து பார்க்க மாட்டார், காலையில் பிள்ளையை ஏற்றும்போது வாய்வார்த்தையாக ஒருதரம் சொல்லிவிடுங்கள்.